பேரனைத் தூக்கலாமா பாட்டி?

“கரண்ட் வெச்சுட்டு வந்திருக்கேன்... பேரனைத் தூக்கலாமா?”

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர்கள், மாமல்லபுரம் கடற்கரையோர ஊர்கள். கதிர்வீச்சு என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். செங்கல்பட்டு பக்கமிருந்து காரப்பேட்டைக்கோ அடையாறுக்கோ பஸ் ஏறிப் போய் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவதில் ஆச்சர்யமில்லை.

தாராளமாகத் தூக்கலாம் பாட்டி! வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுக்கும் கதிர், மெஷின் நின்றதும் நின்றுவிடும். உடம்பில் தங்காது. (தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் சில நாள் தள்ளியிருக்க வேண்டும்.)

டாக்டரைத் தெரியும், டெக்னீஷியனைத் தெரியும். நோயாளி அதிகம் பார்க்காத இன்னொருவர் இருக்கிறார். மெடிக்கல் பிசிசிஸ்ட். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே எம்.எஸ்சி. உண்டு. எவ்வளவு கதிர் என்று டாக்டர் எழுதுவார். அது கட்டியில் சேர வேண்டும், பக்கத்துத் தண்டுவடத்தைக் கெடுக்கக் கூடாது. எந்தக் கோணம், எத்தனை விநாடி? அந்தக் கணக்கு இவருடையது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே! அதனால் தண்ணீர்த் தொட்டியில் கதிரைச் செலுத்தி, மெஷினின் அளவைச் சரிபார்ப்பார்.

1957-லேயே அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு கோபால்ட் மெஷின் வந்துவிட்டது. கோபால்ட்-60 சும்மா இருந்தாலும் கரையும், 5.27 ஆண்டுகளில் வீரியம் பாதியாகிவிடும். போன ஜனவரியில் 2 நிமிடம் வைத்த அதே அளவுக்கு, இந்த ஜனவரியில் சுமார் 2 நிமிடம் 17 விநாடி ஆகும். ‘பக்கத்து பெட்காரருக்குச் சீக்கிரம் முடிஞ்சுதே’ என்று கவலைப்பட வேண்டாம். ஆளுக்கு ஆள் கணக்கும் வேறு.

கணக்கு தப்பினால்? 1988-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் புது கோபால்ட் மாற்றியபோது அளவீட்டில் ஒரு பிழை. 207 நோயாளிகளுக்கு 25 சதவிகிதம் கூடுதல் கதிர் போய்விட்டது. மெஷினில் கோளாறே இல்லை! ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். வெளியாள் சோதனையும் உண்டு. அளவுகோல் பொட்டலம் தபாலில் வரும். அதில் கதிர் செலுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை 1969 முதல் இப்படிச் சோதிக்கிறது.

நம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. தோலில் போட்ட மைக்கோடுகளை வைத்துத்தான் தினமும் உங்களைப் படுக்க வைக்கிறார்கள். கடற்கரை வெயிலில் வியர்த்து அவை மங்கினால், வீட்டுப் பேனாவை எடுத்து வரைந்துவிடாதீர்கள். மறுநாள் போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள்.