பாசன அணையில் மின்சார உற்பத்தி: அநுமதி பெறும் முறை

பாசனத்தை உத்தேசித்துக் கட்டிய அணையில் பிற்காலத்தில் மின்சார யந்திரம் அமைப்பது நமது மாவட்டத்தார்க்குப் புதிதன்று. தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணையில், 1999-ல் 7.5 மெகாவாட் சக்தியுள்ள மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. இத்தகைய ஏற்பாட்டினால் வயலுக்கு வரும் தண்ணீர் குறையுமோ என ஆயக்கட்டுதாரர் ஐயுறுவது இயல்பே. யந்திரம் தண்ணீரை உண்பதில்லை. சக்கரத்தைச் சுழற்றிய நீர் மீண்டும் கீழே வந்து சேரும். ஆனால் நெல்லுக்கு நீர் வேண்டிய நாளும் மின்சாரம் வேண்டிய நாளும் எப்போதும் ஒன்றாயிரா. ஆகையால் அநுமதிப் பத்திரங்களில் குடியானவர் ஊன்றிக் கவனிக்க வேண்டுவது, மதகைத் திறக்கும் காலத்தையும் அளவையும் நிர்ணயிப்பவர் யார் என்பதையே.

நோக்கத்தை முதற்பத்திரத்திலேயே தெளிவாக எழுதாவிடின் நேரும் சங்கடத்திற்குப் பெரியாறு அணை சான்று. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1886-ல் எழுதிக் கொடுத்த குத்தகையின்பேரில் கட்டப்பெற்று, 1895-ல் முடிந்த அணை இது. அதன் நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசாங்கம் முற்பட்டபோது சமஸ்தானம் ஆட்சேபித்தது. விவகாரம் மத்தியஸ்தத்திற்குச் சென்று, குத்தகை பாசனத்திற்கு மாத்திரமே உரியதென 1941-ல் தீர்ப்பாயிற்று. பிற்பாடு பேச்சு நடந்து 1958-ல் மின்நிலையமும் இயங்கிற்று. எனினும் 1970 மே 29-ல் கேரளத்தோடு செய்த ஒப்பந்தத்தினாலேயே, கிலோவாட்-ஆண்டு ஒன்றுக்கு 12 ரூபாய் முதலாகக் கட்டணம் செலுத்தும் நிபந்தனையோடு, அவ்வுரிமை எழுத்தில் ஏறிற்று. அணையும் அதுவே, தண்ணீரும் அதுவே. காகிதத்திற்கு மட்டும் 84 ஆண்டுகள் சென்றன!

இனி, தற்காலச் சட்டம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின்நிலையம் அமைக்க லைசென்ஸ் வேண்டுவதில்லை. ஆனால் நீர்மின் திட்டத்தின் செலவு மத்திய அரசு குறித்த தொகையை மீறுமாயின், 8-ஆம் பிரிவின்கீழ் மத்திய மின்சார ஆணையத்தின் இசைவைப் பெறவேண்டும். குடிநீர், பாசனம், வெள்ளத் தடுப்பு ஆகியவற்றிற்கு இடையூறு நேருமா என்பதையும் அணையின் பாதுகாப்பையும் ஆணையம் ஆராயும். பல நோக்கத் திட்டம் முன்னரே நடைபெறும் இடத்தில், புதிய மின்நிலையத்தார் அதனை நடத்துவோரோடு இசைந்தே செயற்பட வேண்டுமென்றும் அப்பிரிவு விதிக்கின்றது. நமக்கு மிகவும் பயன்படும் வாசகம் இதுவே.

25 மெகாவாட்டுக்குக் குறைந்த நீர்மின் நிலையத்திற்கு 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன்னநுமதி தேவையில்லை. ஆகவே சாத்தனூரைப் போன்ற சிறு நிலையங்களில், அணையைப் பராமரிக்கும் துறையும் மின்சாரத் துறையும் தமக்குள் எழுதிக்கொள்ளும் நிபந்தனைகளுக்கே மதிப்பு அதிகம். காட்டு நிலம் தேவைப்படின் வனச் சட்ட அநுமதி தனியே பெறவேண்டும். 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகள் 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்திற்கும் உட்பட்டவை.

பட்டா நிலம் எடுக்க நேருமாயின், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் அறிவிக்கை கிராமத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் வெளியிடப்பெறும். நமது மாவட்டத்திற்கு அவ்வலுவலகம் வேங்கிக்காலில் உள்ளது. அறிவிக்கை வெளியான 60 நாட்களுக்குள் ஆட்சேபத்தை எழுத்து மூலமாக ஆட்சியரிடம் சமர்ப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் அதிற்கண்ட சர்வே எண்களைச் சிட்டாவோடும் அடங்கலோடும் ஒப்பிட்டு, கிணறும் மரமும் விடுபடாதபடி பார்த்துக்கொள்ளல் நலம். ஆயக்கட்டுதாரர் தங்கள் மனுவில் “நஷ்டம் உண்டாகும்” என்று பொதுவாக எழுதுவதிற் பயனில்லை. எந்த மதகில், எந்தப் போகத்திற்கு, எத்தனை நாள் தண்ணீர் வேண்டும் என்பதைத் திட்டமாகக் குறித்து, பாசனத்திற்குத் திறக்கும் நீரைக்கொண்டே யந்திரம் ஓடவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திற் சேர்க்குமாறு கேட்பார்களாக.