கலாட்டா மேட்டில் ஒரு ஞாயிறு

கலாட்டா என்ற பெயரைக் கண்டு நேயர்கள் நகைத்தல் வேண்டா. இஸ்தான்புல் நகரில் ஜெனோவா வணிகர் 1348-ஆம் ஆண்டில் எழுப்பிய கற்கோபுரத்துக்கும், அது நிற்கும் மேட்டுக்கும் அதுவே பெயர். நம்மூரில் அச்சொல் எதனைக் குறிக்கும் என்பதை அங்குள்ளோர் அறியார்.

2023-ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், இலண்டனில் வாழும் தங்கையின் மகள் திருமணத்துக்குச் செல்லும் வழியில், அந்நகரில் மூன்று நாள் தங்கினோம். முதலிரு நாளும் யாவரும் பார்ப்பவற்றையே பார்த்தோம். அவைபற்றி எழுதினோர் பலர். நாமும் எழுதுவதாற் பயனில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கோபுரத்தின் அருகிலிருந்து இறங்கிச் செல்லும் ஒடுங்கிய தெருவொன்றில், உயர்ந்த மதிலின் பின்னே மரங்களிடையே மறைந்து நிற்கும் ஆங்கிலத் திருச்சபைத் தேவாலயத்தைத் தேடிச் சென்றோம்.

சைவ ஆசிரியர் ஒருவருக்கு அங்கே என்ன அலுவல் என நேயர்கள் வினவலாம். அலுவல் இருந்தது. 1990-ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் எம் பெரியம்மாவுக்கு ஒரு தபாலட்டை வந்தது. படத்தில் இருந்தது அந்தக் கலாட்டாக் கோபுரம். எழுதியவன் அவருடைய மூத்த மகன், வயது பத்தொன்பது. ஐரோப்பா போக வழிதேடிப் புறப்பட்டவன். "நல்லாயிருக்கிறன். ஒரு பழைய வேதக்கோயிலிலை திருத்த வேலை. சாப்பாடு உண்டு. யோசிக்க வேண்டாம்." அவ்வளவே. ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டது, தபால் நின்றது. போர் ஓய்ந்த பின்னரும் அவனிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

எந்தக் கோயில் என்பது எமக்கு நெடுங்காலம் தெரியாது. இத்தேவாலயத்தின் வரலாற்றைத் தற்செயலாகப் படித்தபோதுதான் நெஞ்சு திடுக்குற்றது. 1853 முதல் 1856 வரை நடந்த கிறிமியாப் போரில் இரஷ்யாவுக்கு எதிராகத் துருக்கியரோடு நின்று மாண்ட பிரித்தானியப் படைவீரரின் நினைவாக எழுந்தது அது. அவருட் பெரும்பாலோர் போர்க்களத்திலன்றி நோயினாலேயே மாண்டனர். நீரிணைக்கு அப்பால் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பணிபுரிந்த படைமுகாம் இன்றும் நிற்கிறது. நிலத்தைச் சுல்தான் அப்துல் மஜீத் வழங்கினார். 1858-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வரைபடப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் வில்லியம் பேர்ஜஸ். இரண்டாம் இடம் பெற்ற ஜோர்ஜ் ஸ்ட்ரீற் என்பவரின் படத்தின்படியே கோயில் 1868-இல் நிறைவேறியது. போட்டிகளின் கதி அன்றும் இப்படித்தான் போலும்! நூறாண்டு கடந்ததும் ஆங்கிலேயர் குறைந்தனர். வழிபட ஆளின்றிக் கோயில் பூட்டப்பட்டது. அதனை 1991-இல் மீளத் திறந்தார் இயன் ஷெர்வுட் என்ற குருவானவர். திருத்த வேலைக்குக் கைகொடுத்தவர்கள், நம் நாட்டிலிருந்து சென்று அந்நகரில் வழியின்றித் தங்கியிருந்த அகதிகள்.

உள்ளே முப்பதுபேர் வரை இருந்தனர். உயர்ந்த கற்றூண்களின் கீழே அச்சிறு கூட்டம், பெரிய மண்டபத்தில் பரீட்சை எழுத வந்த சில மாணவர்போலத் தோன்றியது. ஆங்கிலேயர் நாலைந்து பேரே. துருக்கியர் வீடுகளிற் குழந்தை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்கள், ஆபிரிக்க இளைஞர், மாணவர் சிலர் - யாவரும் பிற நாட்டார். எவரும் எம்மை "நீர் யார்?" என்று கேட்கவில்லை. பாட்டுப் புத்தகம் ஒன்றைக் கையிலே தந்தனர். பின்வரிசையில் அமர்ந்தோம்.

ஒருவருக்கொருவர் சமாதானம் கூறிக் கைகுலுக்கும் கட்டம் வந்தது. பழக்கத்தினாலே நாம் கைகூப்பினோம். அருகில் நின்ற ஆபிரிக்க இளைஞர் ஒருகணம் தயங்கி, நீட்டிய கையை மடக்கித் தாமும் அவ்வாறே கூப்பினார். அப்பமும் திராட்சை இரசமும் வழங்கியபோது நாம் எழவில்லை. அது அவர்களுக்குரியது. பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவிய நாவலர் பெருமான் சைவராகவே வாழ்ந்தார் என்பது அவ்வேளையில் நினைவுக்கு வந்தது. சிறிது துணிவும் தந்தது.

வழிபாடு முடிந்ததும் தேநீர். பல்லாண்டு அந்நகரில் வாழும் ஆங்கில மூதாட்டி ஒருவர் எம் நாட்டை வினவினார். சொன்னோம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எம்மை உற்று நோக்கினார். பெயரையும் சொல்லி, பள்ளிக்கூடத்தில் எடுத்த பழைய படத்தையும் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"பையன்கள் பலர் இருந்தார்கள். எல்லோரும் மெலிந்தவர்கள், எல்லோருக்கும் இதே சிரிப்பு. இவன் இருந்தான் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். சிலர் கிரேக்க எல்லைக்குப் போயினராம், சிலர் படகேறினராம். சிலரிடமிருந்து பின்னாளிற் கடிதம் வந்ததாம், சிலரிடமிருந்து வரவில்லையாம். கிறிஸ்தவரல்லாத பையன்களும் வழிபாட்டு நேரத்தில் வந்து பின்வரிசையிலே அமர்ந்திருப்பார்களென்றும் கூறினார். சற்றுமுன் நாம் அமர்ந்திருந்த இடத்தைத்தான் காட்டினார்.

பின்னர் எம்மை உள்ளே அழைத்துச் சென்று, அவர்கள் கைபட்ட பக்கச் சுவரைக் காட்டிவிட்டு, எம்மைத் தனியே விட்டு அப்பாற் சென்றார். சுவரிலே பெயரோ எழுத்தோ இல்லை. குளிர்ந்த கல். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

ஊர் திரும்பியதும் பெரியம்மாவிடம் சென்றோம். அவருக்கு எண்பது கடந்துவிட்டது, பார்வை குன்றிவிட்டது. என்ன சொல்வதென வழிநெடுக எண்ணியும் ஒரு முடிவுக்கு வரவில்லை. படத்தைக் காட்டினோம். கைபேசியை முகத்தருகே பிடித்து, விரலால் அக்கல்லைத் தடவினார்.

"தம்பி, இந்தச் சுவரோ அவன் திருத்தினது?"

"ஓம், பெரியம்மா."

மூதாட்டி சொல்ல மறுத்ததை நாம் சொல்லிவிட்டோம். பெரியம்மா படத்தை மேலும் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "வடிவாய்த்தான் செய்திருக்கிறான்" என்றார்.