பின்சக்கரத்தில் ‘ஊம்ம்’ சத்தமா? டயரை மாற்றும் முன் கவனியுங்கள்

காரின் பின்பக்கம் ‘ஊம்ம்’ என்று சத்தம் கேட்டால் பலரும் முதலில் டயரைத்தான் மாற்றுகிறார்கள். இரண்டு டயருக்குப் பணம் கொடுத்த பிறகும் சத்தம் போகாவிட்டால் வயிறு எரியாதா?

வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் தொடர்கிறது என்றால் இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஒன்று சக்கர பேரிங், இல்லையேல் மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர். முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். சத்தம் முன்பக்கம் வந்தால் டயர். பின்னாலேயே நின்றால் பேரிங். பட்டறைக்காரர் என்ன சொன்னாலும் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது, செலவும் குறைவு.

நீண்ட வலது வளைவில் காரின் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் உரத்தால் பெரும்பாலும் இடது பேரிங்தான்.

வீட்டில் ஜேக் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பின்சக்கரம் சுழல ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க வேண்டும். அதற்குமுன் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தே ஆகவேண்டும். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ‘கீச்’ என்றால் அது வேறு கதை. பழைய மைவி, சாகா கார்கள் பலவற்றின் பின்சக்கரத்தில் டிரம் பிரேக். தோட்டத்துச் செம்மண் தூசி உள்ளே தங்கியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடலாம்.

டயர் மாற்றிய மறுநாள் ‘டொக் டொக்’ என்று கேட்டால் மட்டும் உடனே ஓரமாக நிறுத்தி நட்டுகளை இறுக்குங்கள். அடுத்த பட்டறை வரை ஓட்ட வேண்டாம்.