ஊவாவின் காற்றும் மழையும்

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை ஆகிய இரண்டு மாவட்டங்களைக் கொண்டது. அடுத்தடுத்து இருந்தாலும் இரண்டின் காலநிலையும் வெவ்வேறானவை. மொனராகலை நகர் கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடி உயரத்தில்தான் உள்ளது. பதுளை நகர் ஏறத்தாழ 2,200 அடி, பண்டாரவளை 4,000 அடி, ஹப்புத்தளை 4,700 அடி உயரத்தில் உள்ளன. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. மொனராகலையில் வியர்வையோடு பஸ் ஏறுபவர் ஹப்புத்தளையில் இறங்கும்போது சுவெட்டரைத் தேடுவார்.

1977, 1983 வன்செயல்களின்போது மலையகத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அங்கும் யுத்தத்தில் அகப்பட்டு, உறவினரை நம்பி மீண்டும் லயங்களுக்கே திரும்பியவர்கள் உண்டு. கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்து வாழும் பெண்களும் உண்டு. இவர்களுக்கு வானிலை என்பது வானொலியில் கேட்கும் செய்தி மட்டுமல்ல. அன்றைய சம்பளமும், பிள்ளையின் சுகமும், வீட்டின் பாதுகாப்பும் அதில்தான் தங்கியுள்ளன.

நான்கு பருவங்கள்

வடக்கில் வாழ்ந்தவர்கள் வாடை, கொண்டல், சோளகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்து அழைப்பார்கள். அதே காற்றுகள்தான் ஊவாவிலும் வீசுகின்றன. ஆனால் நடுவே நிற்கும் மலைகள் அவற்றின் குணத்தை மாற்றிவிடுகின்றன.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் காலையில் வெயிலும் பின்னேரத்தில் இடியுடன் மழையும் வரும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். அது ஹட்டன், நுவரெலியாப் பக்கச் சரிவுகளில் ஏறும்போதே குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து ஊவாவில் இறங்கும்போது அதில் ஈரம் மிகக் குறைவு. மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று சொல்லும் வரண்ட காற்று இதுதான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மீண்டும் இடிமழையும், சில வருடங்களில் வங்காள விரிகுடாவிலிருந்து சூறாவளியும் வரும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடைக்காற்று கிழக்குச் சரிவுகளில் மழையைக் கொண்டுவரும். மேற்கு மலைநாட்டுக்கு ஜூன், ஜூலை எப்படியோ, அப்படித்தான் ஊவாவுக்கு நவம்பரும் டிசம்பரும்.

காற்று தரும் மணம்

ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது ஜூலை முதல் செப்டம்பர் வரையான பருவத்தினால்தான். பகலில் வரண்ட காற்றும் இரவில் குளிரும் சேர, கொழுந்து மெதுவாக வளரும். தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தாங்கும் செடியின் இலையில் வாசனைப் பொருட்கள் கூடுகின்றன. அந்தத் தனி மணத்துக்கே விலை அதிகம்.

ஆனால் அந்த நல்ல விலை பறிப்பவளின் கைக்கு அப்படியே வந்து சேர்வதில்லை. வரட்சியில் கொழுந்து குறையும். குறித்த கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான் விழும். தேயிலைக்கு நல்ல காலமாக இருப்பது கூடை சுமப்பவளுக்குக் கஷ்ட காலமாகிறது. மொனராகலைப் பக்கமோ அந்த மாதங்களில் கிணறும் குளமும் வற்றும். தண்ணீர் தேடிக் குடத்தோடு நடப்பதும் பெண்களே. மழைக்காலம் வந்தால் அங்குள்ள இறப்பர்த் தோட்டங்களில் பட்டை நனைந்து பால் வெட்டு நின்றுவிடும். வரட்சியானாலும் மழையானாலும் வருமானம் குறையும் மாதங்கள் உண்டு. அவற்றை முன்கூட்டியே அறிந்து, கொழுந்து நிறைந்த மாதங்களில் சிறிதாவது சேமிப்பது நல்லது.

மீரியபெத்த தரும் பாடம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொழுந்து தளிர்க்கும். அதே மழையில்தான் மலையும் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள் காலை நேரத்தில் மண்ணுக்குள் புதைந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றவரும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் போகவில்லை. போவதற்கு அவர்களுக்குச் சொந்தக் காணி ஏது? எஞ்சியோர் புது வீடுகளுக்குப் போக 2016 ஒக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மண்சரிவால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

பாதுகாப்பான காணி கேட்பது எமது உரிமை. தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் மாதர் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்க வேண்டும். அது கிடைக்கும்வரை உயிரைக் காக்க வேண்டுமே.

மழையை நாமே அளக்கலாம்

வாயும் அடியும் ஒரே அகலமான, உயரமான பேணி ஒன்றும் பிள்ளையின் அடிமட்டமும் போதும். மரமும் கூரையும் மறைக்காத வெளியில் பேணியை வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்துவிட்டு, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி:

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் (7½ சென்ரிமீற்றர்) மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும்.

100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும்.

150 மில்லிமீற்றரானால், அதாவது அடிமட்டத்தில் பாதியளவு வந்தால், உடனே வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும் அப்படியே.

மலையும் அடையாளம் காட்டும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரமும் மின்கம்பமும், திடீரெனத் தோன்றும் ஊற்று, வழக்கமான ஊற்று வற்றுதல் அல்லது கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் மழை அளவைப் பார்த்திருக்க வேண்டாம். அயலவருக்குச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். மழை விட்ட பின்னும் மலை சரியலாம். ஆகவே அதிகாரிகள் சொல்லும்வரை திரும்பவேண்டாம். லயத்தின் பின்னால் உள்ள கான்கள் அடைபடாமல் மழைக்கு முன்பே துப்புரவு செய்வதும் அவசியம்.

தயாராக ஒரு பை

யுத்த காலத்தில் சாமத்திலும் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளிக்கிட்ட பழக்கம் எம்மில் பலருக்கு உண்டு. அந்த அனுபவம் இங்கும் உதவும். ஒக்டோபர் பிறந்ததும் ஒரு பையை ஆயத்தமாக வையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கணவரின் மரணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீனில் சுற்றி அதில் வையுங்கள். இடப்பெயர்வில் இவற்றைத் தொலைத்துவிட்டு மறுபிரதி எடுக்க அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மருந்து, டோர்ச், கம்பளி, மாதவிலக்குத் துணி, குழந்தைக்குப் பால்மா ஆகியனவும் இருக்கட்டும்.

எந்த வழியால் போவது, கோயிலிலா பாடசாலையிலா தங்குவது, நடக்க முடியாத முதியவரை யார் தூக்குவது என்பதை லயத்துப் பெண்கள் ஒன்றுகூடி இப்போதே பேசி வையுங்கள். தனியே இருக்கும் சகோதரியின் கதவை யார் தட்டுவது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.