குடலின் பொறுமை

மீன்பிடிப் படகுகளும் கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த கம்பமாக ஒரு காலத்தில் இருந்த பொங்கோல், 1996-இல் அறிவிக்கப்பட்ட ‘பொங்கோல் 21’ திட்டத்தின் பயனாக வானளாவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் நகரமாய் ரூபாந்தரம் அடைந்ததை யாவரும் அறிவர். ஆனால் சிங்கப்பூரில் மண்ணும் வாழ்வும் இவ்வாறு மாறிய காலத்திலேயே வியாதிகளின் ஜாபிதாவும் மாறி, குடற்புழுவும் சீதபேதியும் பின்வாங்கிய இடத்தில், பெருங்குடல் புண் அழற்சி, குரோன் நோய் என்னும் இரு நீடித்த குடல் வியாதிகள் மெல்ல வந்து அமர்ந்ததைக் கவனித்தவர் சிலரே.

இவ்விஷயத்தில் நம்மவர் தனியே கவலைப்பட நியாயமுண்டு. பெருங்குடல் புண் அழற்சி இங்குள்ள சீனர், மலாய்க்காரரைக் காட்டிலும் இந்தியரிடம் மிகுந்திருப்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய இந்தியரிடமும் அது வெள்ளையரைவிட அதிகமென்று 1990-களின் ஆராய்ச்சிகள் கூறின. பரம்பரையே காரணம் என்று முடித்துவிடவும் இயலவில்லை. ஐரோப்பியரிடம் குரோன் நோய்க்குத் துணைபோவதாக 2001-இல் கண்டறியப்பட்ட ‘நாட்2’ மரபணு மாறுபாடுகள் ஆசியரிடம் அரிது. இளமையில் கிருமிகளோடு பழகாத உடல் பிற்பாடு தடுமாறுகிறது என்னும், 1989-இல் டேவிட் ஸ்ட்ராகன் ஒவ்வாமையைக் குறித்துத் தொடங்கிவைத்த அனுமானத்தைக் குடலுக்கும் நீட்டிப் பேசுவோர் உண்டு. கவர்ச்சியான வாதந்தான், அதற்காக அழுக்கை ஆரோக்கியம் என்று கொண்டாட நான் தயாரில்லை.

நோய் கண்டவரிடம் உறவினர் முதலில் சொல்வது, “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்” என்பதே. அதற்கான லேகியத்துக்கும் பொடிக்கும் சிராங்கூன் சாலைக் கடைகளில் குறைவில்லை. அன்பிற் பிறந்த அந்த உபதேசம் வியாதியின் சுபாவத்துக்கே விரோதமானது. ஒற்றை அடுக்கு அணுக்களால் ஆன குடலின் உட்சுவருக்கு அப்பால் கோடானுகோடி நுண்ணுயிர்களும், இப்பால் சரீரத்தின் எதிர்ப்பணுக்கள் பலவும் ஒன்றையொன்று பார்த்தபடி ஆயுள் முழுதும் இருக்க வேண்டியிருப்பதால், அங்கே தாக்கும் வலிமையைவிடத் தாக்காமலிருக்கும் பொறுமையே பெரிய காரியம்.

அப்பொறுமையைக் காப்பவை ‘ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்’. அவற்றை 1995-இல் அடையாளங்காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சாகாகுச்சியும், அவற்றை ஆளும் ‘ஃபாக்ஸ்பி3’ மரபணுவை 2001-இல் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவரும் 2025-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அந்த மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் சிசுக்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கும் நீரிழிவும் தோல் அழற்சியும் ஒருங்கே தோன்றுவதைக் காண்கையில், குடலின் நோயும், தன் உடலையே தாக்கும் பிற நோய்களும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பது விளங்கும்.

பெரியவர்களின் குடல் அழற்சியிலோ விஷயம் இன்னும் விசித்திரமானது. புண்பட்ட இடத்தில் ஒழுங்குபடுத்தும் அணுக்கள் குறையாமல், சில சமயம் கூடியும் இருக்கின்றன, ஆனால் அவற்றின் கட்டளைக்கு மற்றவை செவிசாய்ப்பதில்லை. இரத்தத்திலிருந்து நாள்தோறும் குடலுக்கு வந்து, சாந்தமான விழுங்கணுக்களாக முதிர வேண்டிய ஒற்றைக்கரு அணுக்கள், பாதி வழியில் நின்று, ‘டிஎன்எஃப்’ முதலிய அழற்சிப் புரதங்களைச் சொரிகின்றன. ‘ஐஎல்-17’ என்ற புரதத்தைச் சுரக்கும் டி அணுக்களும் பெருகுகின்றன. சொரியாசிஸ் என்னும் தோல் வியாதிக்கு நற்பலன் தந்த, அந்தப் புரதத்தை முடக்கும் செக்குகினுமாப் மருந்தைக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது குணம் கிட்டாததோடு சிலருக்கு நோய் முற்றவும் செய்தது. தோலை வருத்தும் அதே புரதம் குடற்சுவரைக் காக்கும் வேலையையும் செய்வதே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

டிஎன்எஃப்-ஐ அடக்கும் இன்ஃபிளிக்சிமாப், 1998-இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. மூட்டுவாதத்துக்கும் அதுவே பயன்படுகிறது. ஆனால் உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதும் டிஎன்எஃப்-தான் என்பதால், முதல் ஊசிக்கு முன்னர் இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயமாகின்றன. அதோடு குடற்காசமும் குரோன் நோயும் உருவில் இரட்டையரை ஒத்திருப்பதால், ஐயம் தீராதபோது காசநோய் மருந்தை முதலில் கொடுத்து, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபடி குடலை உள்நோக்கியால் பார்த்த பின்னரே இன்ன வியாதி என்று நிச்சயிக்கும் வழக்கம் இந்திய மருத்துவர்களிடம் இருந்து வருகிறது.