பைதன் நிறுவலும் பழுதறியும் நெறியும்

கணினியில் ஒரு மென்பொருளை நிறுவுதல் வேறு. அதனைத் தொழிற்படச் செய்தல் வேறு. இவ்விரண்டுக்குமிடையே நேரும் இடர்ப்பாடுகள் செய்நிரலாக்கம் பயிலத் தொடங்குவோரைப் பெரிதும் தளர்விப்பன. இலங்கையின் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் மொழி இடம்பெறுகின்றது. ஆதலின் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தமிழ்மூலம் கற்கும் மாணவர்க்கும் இவ்விடர் புதிதன்று. கருவியின் பழுதைத் தம் அறிவின் பழுதெனக் கருதிப் பாடத்தையே கைவிட எண்ணுவாரும் உளர். அது வேண்டாத இழப்பாகும்.

பைதனோடு 1998ஆம் ஆண்டு முதல் இணைத்து வழங்கப்படுவது ஐடில் என்னும் பதிப்பி. நோக்குவார்க்கு ஒன்றாகத் தோன்றினும் அது இரு கூறுடையது. ஒரு கூறு சாளரங்களைக் காட்டி எழுத இடந்தருகின்றது. மற்றையது எழுதிய நிரலை இயக்குகின்றது. இரண்டும் கணினிக்குள்ளேயே அமைந்த ஓர் இணைப்பினாற் செய்தி பரிமாறுகின்றன.

சம்மாந்துறை வயல்வட்டைக்கு நீர் வாராதவிடத்து உழவர், குளத்தில் நீருளதா, மதகு திறந்துளதா, வாய்க்கால் அடைபட்டுளதா என ஒவ்வொன்றாக ஆராய்வர்; குளத்தையே புதிதாகக் கட்ட முற்படார். கணினி பயில்வோரோ முதலிலேயே மென்பொருளை நீக்கி மீள நிறுவுகின்றனர். அதனாற் பயன் விளையாமைக்குக் காரணம், பழுது பலகால் நிறுவப்பட்ட பகுதிக்குப் புறத்தே இருத்தலாம்.

முதற்கண் அறியவேண்டுவது மொழி தொழிற்படுகின்றதா என்பது. 2020இல் வெளிவந்த 3.9ஆம் பதிப்பு முதலாகப் பைதன் விண்டோஸ் 7இல் இயங்காது. பழைய கணினிக்கு 3.8ஆம் பதிப்பே எல்லை. நிறுவும்போது தேடுபாதையிற் சேர்க்கும் கட்டத்தைக் குறியிடாது விடின், பைதன் இருந்தும் இல்லாததுபோலத் தோன்றும்.

மொழி இயங்கியும் ஐடில் ஓசையின்றி மறையுமாயின், அதனைக் கட்டளைச் சாளரத்திலிருந்து தொடக்குதல் வேண்டும். மறைந்திருந்த பிழைச்செய்தி அங்கே வெளிப்படக்கூடும். இரு கூறுகளும் இணையவில்லை என்னும் செய்தி தோன்றின், மாணவர் தம் கோப்புகளின் பெயர்களை நோக்குக. எழுமாற்றெண் பயிற்சிக்கு ‘ரேண்டம்’ என்று பெயரிட்டிருப்பின், அதே பெயருடைய பைதனின் நூலகக் கோப்பை அது மறைத்துவிடும். பெயரை மாற்றுதலே அதற்குப் பரிகாரம். இனி, ஐடிலின் விருப்பத்தெரிவுகள் பயனரின் சொந்தக் கோப்புறையில் ‘.ஐடில்ஆர்சி’ என்னும் பெயரிற் சேமிக்கப்படுகின்றன. அவை சிதைந்திருப்பின், மீள நிறுவினும் சிதைவு நீங்காது. அக்கோப்புறையைப் பெயர்மாற்றிச் சோதித்தல் வேண்டும்.

தமிழில் எழுதுவார்க்குரிய இடரொன்றும் உண்டு. ஈழத்தில் நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி எழுத்துரு, உரோமன் குறிகளுக்குத் தமிழுருவம் பூட்டுவது. அதனைக் கொண்டு ‘தமிழ்’ என எழுதினால், கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் உரோமன் எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. ஐடிலில் அவை அவ்வாறே தோன்றும். எழுத்துருவைப் பாமினியாக மாற்றினாலோ, நிரலின் ஆங்கிலக் கட்டளைகளும் பொருளற்ற தமிழெழுத்துக் கோவைகளாகிவிடும். ஒருங்குறியில் எழுதுதலே இதற்குத் தீர்வு. 2008இல் வெளிவந்த பைதன் 3 தமிழ்ச் சொற்களை மாறிகளின் பெயர்களாகவும் ஏற்கின்றது. ஆயினும் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தை வினவினால் மூன்று என்னாது ஐந்து என்றே விடை தரும். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுதலின். இது பழுதன்று, குறிமுறையின் இயல்பு.

ஆகவே, பழுதறிதல் என்பது தோன்றிய இடத்தை விடுத்துத் தோற்றிய காரணத்தை நாடுதலாகும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் குறித்துக்கொண்டு, பின்னர் அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். இந்நெறியே பின்னர்த் தம் நிரலிற் பிழைகாணவும் உதவுவது. இதனை உணர்ந்த மாணவர்க்குத் திறவாத சாளரமும் முதற்பாடமாக அமையும்.