எச்சமில்லாத கோழி, எதிர்ப்புள்ள கிருமி

பல்லடம் பக்கத்துப் பண்ணையில் ஏறத்தாழ ஆறு வாரம் வளர்ந்து, சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்து வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை அடுப்பேறுகிறது பிராய்லர் கோழி. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்வி, 'கறியில் மருந்து கலந்திருக்கிறதா?' என்பதுதான். அது மட்டும் போதாது. அறுப்பதற்குச் சில நாள் முன்பே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டால் மருந்தின் எச்சம் உடலைவிட்டு வெளியேறிவிடும். பரிசோதனையில் கறி தேறிவிடும். ஆனால் அந்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்த ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் குடலிலேயே தங்கி, அறுக்கும்போது கறியில் ஒட்டிக்கொள்ளும். எச்சத்தை மட்டும் தேடும் சோதனை இவற்றைக் காணாது.

கோலிஸ்டின் கதை இதற்குச் சான்று. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்த மருந்து அது. மற்றவை தோற்றபின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசிப் புகலிடமானது. அதே மருந்தை, கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்தார்கள். கோலிஸ்டினுக்கு எதிர்ப்புத் தரும் எம்சிஆர்-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதை 2015இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைத் தடுக்க 2012இல் சென்னைப் பிரகடனத்தை முன்னெடுத்த மருத்துவர் அப்துல் கஃபூரும் அவரது குழுவினரும் சென்னையில் இறைச்சி, மீன், காய்கறி, பழங்களைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள்: ஏறத்தாழப் பாதி மாதிரிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியா. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அம்மருந்தைத் தருவதை மத்திய அரசு அந்த ஆண்டு ஜூலையில் தடை செய்தது.

நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே என்பார்கள். சாகும். ஆனால் கறி நறுக்கிய அரிவாள்மணையில் அடுத்து வெங்காயம் நறுக்குகிறோம். கறி அலசிய நீர் தொட்டியெங்கும் தெறிக்கிறது. மேலும், அந்த ஆய்வில் காய்கறியும் பழமும் தப்பவில்லை. பண்ணைக் கழிவு வயலுக்கு உரமாகிறது. மனிதக் கழிவு, மருத்துவமனைக் கழிவு எல்லாம் சாக்கடை வழியே ஆற்றில் சேர்கின்றன. நகரத்துக் கழிவுநீரைச் சுமந்து வரும் அடையாறு கடலில் கலப்பது ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குச் சற்று வடக்கேதான். கோழியே வாங்காத வீட்டையும் அடுப்புச் சூடு மட்டும் காப்பாற்றாது.

ஒரு மருந்தைத் தடுத்தாயிற்றே என்ற சமாதானமும் நிற்காது. ஒரே பிளாஸ்மிட் பல மருந்துகளுக்கான எதிர்ப்பைச் சேர்த்துச் சுமக்கக்கூடும். டெட்ராசைக்ளின் போன்ற வேறொரு ஆன்டிபயாட்டிக் தொடர்ந்தால், கூடவே இருக்கும் மற்ற மரபணுக்களும் பிழைத்துக்கொள்ளும். மருந்தை நிறுத்தினால் கறி விலை ஏறும் என்ற பண்ணையாளரின் அச்சம் நியாயமானது. ஆனால் 1990களில் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்குகளைக் கைவிட்ட டென்மார்க்கில் கோழி உற்பத்தி சரியவில்லை. நம்மிடமே ஐரோப்பாவுக்குப் போகும் இறாலுக்குக் கெடுபிடியான சோதனை நடக்கிறது. உள்ளூர்க்காரர் தட்டுக்கு வரும் கோழிக்கு அந்தக் கவனிப்பு ஏன் இல்லை? கால்நடைகளுக்கு எந்த மருந்து எவ்வளவு போகிறது, கிருமிகளில் எதிர்ப்பு எவ்வளவு என்று டென்மார்க் 1995 முதல் கண்காணித்து, கணக்கை வெளியிட்டு வருகிறது. தமிழக அரசு அதைப் பல்லடத்திலும் நாமக்கல்லிலும் தொடங்கட்டும்.